தினமும் இரண்டு முறை கடல் உள்வாங்கும்... இங்கிலாந்து கடற்கரைக்கு ஃபேமிலி டிரிப் போகிறீர்களா?

திருச்செந்தூரில் கடல் கொஞ்சம் உள்வாங்கினாலே போதும், அன்றைக்கு அது செய்தி. பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிய, பக்தர்கள் அதில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கும் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும்.

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் இது செய்தியே இல்லை. அங்கே ஏறக்குறைய தினமும் இரண்டு முறை கடல் உள்வாங்குகிறது; இரண்டு முறை திரும்பி வருகிறது. காலையில் கடலாக இருந்த இடத்தில் மதியம் குழந்தைகள் வாளியும் குட்டி மண்வெட்டியுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் அதே இடத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் தண்ணீர் நிற்கும்.

லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ வேலை பார்க்கும் மகன், மகள் வீட்டுக்குக் கோடையில் போகும் அப்பா அம்மாக்கள் இப்போது அதிகம். ஜூலை கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் முதல் வாரம் வரை அங்கே பள்ளி விடுமுறை. லண்டன் ஐ, பக்கிங்ஹாம் அரண்மனை எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். அடுத்து பேரப்பிள்ளைகள் கேட்பது, "பீச்சுக்குப் போலாமா தாத்தா?"

போகலாம். அதிகம் செலவில்லாமல், மூன்று வயதுக் குழந்தை முதல் எழுபது வயதுப் பாட்டி வரை எல்லோருக்கும் ஏதாவது ஒன்று இருக்கிற கடற்கரை வேண்டுமென்றால், டோர்செட் மாவட்டத்தின் 'ஜுராசிக் கோஸ்ட்' நல்ல சாய்ஸ். ஆனால், கிளம்பும் முன் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டே ஆகவேண்டும். அதிலிருந்தே தொடங்குவோம்.

1. முதல் வேலை: கடலின் டைம்டேபிள் பார்ப்பது

மெரினாவில் கடல் ஏறுவதும் இறங்குவதும் சராசரி ஆளின் கண்ணில் படாது. வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர், பல நாட்களில் அதைவிடவும் குறைவு. ஆனால், டோர்செட்டின் லைம் ரீஜிஸ் என்ற ஊரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் மூன்றரை மீட்டரைத் தாண்டும். நம் வீட்டுக் கதவின் உயரம் சுமார் இரண்டு மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

கடல் முழுதாக ஏறி நிற்பதை அங்கே ஹை டைடு என்கிறார்கள். முழுதாக இறங்கி நிற்பது லோ டைடு. ஒரு ஹை டைடுக்கும் அடுத்த ஹை டைடுக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். 'நேற்று 11 மணிக்கு வந்தோம், பாறையெல்லாம் தெரிந்தது. நாளை மறுநாளும் 11 மணிக்கே வரலாம்' என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

பலர் மாட்டிக்கொள்வது இன்னொரு கணக்கில். லோ டைடிலிருந்து ஹை டைடு வர சுமார் ஆறு மணி நேரம் ஆகிறது. ஆனால், தண்ணீர் அந்த ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். 'கடல் அங்கேயேதானே நிற்கிறது' என்று தோன்றும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். முதல் மணி நேரத்தைப் பார்த்து தைரியமாக உட்கார்ந்திருப்பவர்கள், மூன்றாவது மணி நேரத்தில் திரும்பிப் பார்க்கும்போது வந்த வழி இருக்காது. பின்னால் செங்குத்தான மண் பாறை, முன்னால் தண்ணீர்.

டைடு நேரத்தைத் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. பிபிசி வெதர் இணையதளத்தில் ஊர் வாரியாக இருக்கிறது. கடற்கரைக் கடைகளிலும் சின்ன புத்தகமாகக் கிடைக்கும். அச்சுப் புத்தகம் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: சிலவற்றில் கிரீன்விச் நேரம்தான் போட்டிருப்பார்கள். கோடையில் பிரிட்டனின் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அதனால் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் தினசரி நாட்காட்டி கிழிக்கும் தாத்தாவுக்கு இதில் ஒரு வேலை கொடுக்கலாம். அமாவாசை, பௌர்ணமி எப்போது என்று பார்த்துச் சொல்லட்டும். அதையடுத்த ஓரிரு நாட்களில் கடல் அதிகமாக உள்வாங்கும். அதே அளவுக்கு அதிகமாக ஏறவும் செய்யும். பார்க்கவும் நிறைய கிடைக்கும், கவனமும் கூடுதலாக வேண்டும்.

2. 19 கோடி வருடப் பழைய பொருளைப் பொறுக்கலாம்

ஜுராசிக் கோஸ்ட் என்பது டெவன் மாவட்டத்தின் எக்ஸ்மவுத்திலிருந்து டோர்செட்டின் ஸ்டட்லண்ட் வரை நீளும் சுமார் 155 கிலோமீட்டர் கடற்கரை. 2001-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. இங்குள்ள பாறை அடுக்குகளில் 18 கோடியே 50 லட்சம் ஆண்டுகளின் பூமி வரலாறு வரிசையாக இருக்கிறது.

இதில் குடும்பத்தோடு போக ஏற்ற இடம் சார்மவுத். லைம் ரீஜிஸுக்குப் பக்கத்து ஊர். இங்கே கடலோரப் பாறைகள் ஒருகாலத்தில் கடலடிச் சேறாக இருந்தவை. மழையும் அலையும் அவற்றைக் கரைக்கக் கரைக்க, உள்ளே புதைந்திருந்த புதைபடிவங்கள் கரையில் வந்து விழுகின்றன. குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். டிக்கெட் கிடையாது.

என்ன கிடைக்கும்? பென்சில் முனை மாதிரி, துப்பாக்கித் தோட்டா மாதிரி வழவழப்பான கற்கள் கிடைத்தால் அவை பெலம்னைட். கணவாய் மீனின் தூரத்துச் சொந்தக்காரரின் உள்ளோடு. நத்தை மாதிரி சுருண்டு, சில்லறைக் காசு அளவில், பித்தளை மாதிரி மின்னினால் அது அம்மோனைட். மின்னுவது தங்கமல்ல, பைரைட் என்ற இரும்புத் தாது.

அம்மோனைட்டைப் பார்த்ததும் பாட்டிக்கு ஏதோ ஞாபகம் வரலாம். வைணவர் வீட்டுப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட் புதைபடிவம்தான். நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வருவது. சார்மவுத்தில் பேரன் பொறுக்கும் கல்லும், பாட்டி துளசி வைத்துக் கும்பிடும் கல்லும் ஒரே வகைக் கடல் உயிரினத்திலிருந்து வந்தவை. பாட்டிக்கும் பேரனுக்கும் பேச இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

பொறுக்குவதற்குச் சில விதிகள் உண்டு:

கரையில் உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம். பாறைச் சுவரைக் குடையக் கூடாது. அப்படிக் குடைந்தால் மேலிருந்து சரிந்து தலையில் விழும்.

சுத்தியல் தேவையில்லை. சின்னக் கற்கள் குவிந்திருக்கும் இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தாலே போதும். இந்த வேலையில் பெரும்பாலும் குழந்தைகள்தான் ஜெயிப்பார்கள். அவர்கள் கண் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பெரிய எலும்பு, மண்டையோடு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், சார்மவுத் ஹெரிடேஜ் கோஸ்ட் சென்டரில் சொல்லுங்கள். கடற்கரையிலேயே இருக்கிறது. அனுமதி இலவசம். கையில் கிடைத்ததைக் கொண்டுபோய்க் காட்டினால் என்னவென்று சொல்வார்கள். வழிகாட்டியோடு போகும் 'ஃபாசில் வாக்' நடையும் நடத்துகிறார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. விடுமுறைக் காலத்தில் முன்பதிவு செய்துவிடுவது நல்லது. முதல் முறை போகும் குடும்பத்துக்கு இந்த நடையைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். டைடு கவலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தனியாகப் போனால், லோ டைடுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே இறங்குங்கள். கடல் பின்வாங்கப் பின்வாங்க நீங்கள் முன்னே போகலாம். லோ டைடு நேரம் வந்ததும் திரும்பிவிடுங்கள். இன்னும் ஒன்று கிடைக்கும் என்ற ஆசை வரும். அங்கேதான் அப்பா அம்மா கறாராக இருக்க வேண்டும்.

3. ஒரு தச்சர் மகளின் ஊர்

லைம் ரீஜிஸுக்குப் போய்விட்டு மேரி ஆனிங் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லாமல் திரும்பக் கூடாது. அதுவும் பெண் குழந்தைகள் இருக்கும் குடும்பம் என்றால் கண்டிப்பாக.

மேரி 1799-ல் இந்த ஊரில் பிறந்தவர். அப்பா மரச்சாமான்கள் செய்யும் தச்சர். கடற்கரையில் கிடைக்கும் புதைபடிவங்களைச் சுத்தம் செய்து சுற்றுலா வருபவர்களுக்கு விற்பது அவருக்கு உபதொழில். 1810-ல் அப்பா இறந்தபோது வீட்டில் மிஞ்சியது கடன்தான். மேரிக்கு அப்போது 11 வயது.

அடுத்த ஆண்டு அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அதன் மிச்ச உடலைத் தேடிக் கண்டுபிடித்தது மேரி. டால்பின் மாதிரி உடலும் பல்லி மாதிரி தாடையும் கொண்ட இக்தியோசர் அது. 1823-ல் நீண்ட கழுத்துள்ள பிளெசியோசரின் முதல் முழு எலும்புக்கூடு. 1828-ல் பறக்கும் ஊர்வன ஒன்று. டைனோசர் என்ற சொல்லே உருவாகாத காலத்தில் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத ஒரு பெண் செய்த வேலை இது.

புதைபடிவங்கள் அதிகம் கிடைப்பது குளிர்காலப் புயலுக்குப் பிறகு. அப்போதுதான் மண் சரியும். மேரி இறங்கியதும் அந்த நேரத்தில்தான். அவரும் டைடு பார்த்துத்தான் போக வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் சரிந்து விழுந்ததைக் கடல் இழுத்துக்கொண்டு போய்விடும். 1833-ல் ஒரு நாள் பக்கத்தில் நின்ற அவருடைய நாய் ட்ரே மேல் மண் சரிந்து விழுந்தது. நாய் அங்கேயே செத்துப்போனது. மேரி தப்பியது ஒரு கணத்தில்.

அவரிடம் எலும்புக்கூடுகளை வாங்கிய ஆண்கள் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கினார்கள். பல இடங்களில் மேரியின் பெயர் இல்லை. லண்டன் புவியியல் கழகம் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது 1919-ல்தான். மேரி 1847-லேயே, 47 வயதில் இறந்துவிட்டார்.

அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில்தான் இப்போது லைம் ரீஜிஸ் மியூசியம் நிற்கிறது. 2022 மே மாதம் ஊரில் அவருக்குச் சிலையும் வைத்தார்கள். 'எங்கள் ஊரில் மேரிக்கு ஏன் சிலை இல்லை' என்று ஒரு பள்ளிச் சிறுமி கேட்ட கேள்வியில் தொடங்கி, பொதுமக்களிடம் நிதி திரட்டி வைத்த சிலை அது. கையில் சுத்தியலோடு மேரி நடக்கிறார், காலடியில் ட்ரே.

திரும்பி லண்டன் வந்ததும் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்கு ஒரு நடை போங்கள். அங்கும் நுழைவு இலவசம். மேரி தோண்டியெடுத்த பிளெசியோசர் சுவரில் இருக்கிறது. சார்மவுத் கரையில் ஒருமுறை குனிந்து தேடிய குழந்தை, அதைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

4. பாறைக் குட்டையும் நண்டு பிடியும்

கடல் உள்வாங்கும்போது பாறை இடுக்குகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். அங்கே இதை ராக் பூல் என்கிறார்கள். உள்ளே நண்டு, இறால், சின்ன மீன், பாறையோடு ஒட்டிய சிப்பி, பூ மாதிரி விரியும் கடல் அனிமோன் எல்லாம் இருக்கும். அடுத்த முறை கடல் வரும் வரை அவற்றுக்கு அந்தக் குட்டைதான் வீடு.

கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். பார்த்த பிறகு, இருந்த மாதிரியே மெதுவாகத் திருப்பி வைக்கவேண்டும். திறந்தபடி விட்டால் அடியில் இருந்தவை வெயிலில் காய்ந்து செத்துப்போகும். பாசிப் பாறை வழுக்கும். செருப்பு வேண்டாம், ரப்பர் ஷூ நல்லது.

பாறையில் இறங்க முடியாத பெரியவர்கள் துறைமுகத்தில் உட்கார்ந்து நண்டு பிடிக்கலாம். கடையில் நூலும் சின்ன வலைப்பையும் விற்பார்கள். பைக்குள் மீன் துண்டு வைத்துத் தண்ணீரில் விட்டால், நண்டு வந்து பிடித்துக்கொள்ளும். தூண்டில் முள் வேண்டாம். வாளியில் கடல் தண்ணீர் ஊற்றி, நிழலில் வைத்து, ஒரு நேரத்தில் மூன்று, நான்கு நண்டுக்கு மேல் சேர்க்காமல், எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிட வேண்டும். அந்த ஊரில் இது விளையாட்டு, குழம்புக்கு அல்ல.

லைம் ரீஜிஸ் துறைமுகச் சுவருக்கு 'தி காப்' என்று பெயர். பல நூற்றாண்டுகளாகவே இருக்கிறது. ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலில் லூயிசா என்ற பெண் குதித்து விளையாடப்போய் விழுந்து அடிபடுவது இந்தச் சுவரில்தான். இன்றும் மேல் சுவருக்குக் கைப்பிடி கிடையாது. கடல் பக்கம் சாய்வாகவும் இருக்கும். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அலை அடிக்கும் நாளில் ஏறவே வேண்டாம்.

5. குளிக்கலாமா? கொடியைப் பாருங்கள்

மணலும் ஆழமில்லாத தண்ணீரும் வேண்டுமென்றால் வெய்மவுத் நல்லது. 1789-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் உடம்பு தேற இங்கே வந்து கடலில் குளித்தார். அதற்குப் பிறகு ஊரே விடுமுறை ஊராகிவிட்டது. நீண்ட மணல் கரை, சின்னக் குழந்தைகள் முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம்.

ஆனால், ஆகஸ்டில்கூட இங்கே கடலின் வெப்பம் 17, 18 டிகிரி செல்சியஸ்தான். நம் ஊர்க் கடல் 28 டிகிரிக்கு மேல் இருக்கும். திடீரென்று குதித்தால் மூச்சு திணறும். கை கால் நம் பேச்சைக் கேட்காது. கால், கை, முகம் என்று நனைத்துப் பழகி மெதுவாக இறங்க வேண்டும்.

உயிர்காப்பாளர்கள் உள்ள கரைகளில் கொடி நட்டிருப்பார்கள். அதன் அர்த்தம் குழந்தைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்:

சிவப்பு, மஞ்சள் கொடி: இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்கலாம்.

கறுப்பு, வெள்ளைக் கட்டம்: சர்ஃபிங் பலகை, படகுகளுக்கான இடம். குளிக்கக் கூடாது.

முழுச் சிவப்பு: தண்ணீரில் இறங்கவே கூடாது.

ஆரஞ்சு நிறக் காற்றுப்பை: காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. காற்றடைத்த மிதவை, ரப்பர் படகு எதையும் எடுக்கக் கூடாது. குழந்தையோடு மிதவையும் கடலுக்குள் போய்விடும்.

தண்ணீரில் தடுமாறினால் நீந்திப் போராட வேண்டாம். தலையைப் பின்னால் சாய்த்து, காது தண்ணீரில் இருக்க, மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கவேண்டும். பிறகு கை தூக்கிக் கூப்பிடலாம். இதைச் சொல்லிக்கொடுப்பது ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு நிறுவனம். 1824-ல் தொடங்கியது. உயிர்காக்கும் படகுகளில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள்.

6. இன்னும் நேரம் இருந்தால்...

செசில் பீச்: 29 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூழாங்கற்கள். மேற்கு முனையில் பட்டாணி அளவு. கிழக்கே போர்ட்லண்ட் பக்கம் போகப்போகக் கையளவு. இருட்டில் கரையேறும் மீனவர்கள் கல்லின் அளவைத் தடவிப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது ஊர்ப்பேச்சு. கல்லை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. கரை சட்டென்று ஆழமாகும். இங்கே குளிக்க வேண்டாம்.

அபட்ஸ்பரி அன்னச் சரணாலயம்: 11-ம் நூற்றாண்டில் துறவிகள் ஆரம்பித்தது. அன்று அவர்கள் அன்னம் வளர்த்தது சமையலுக்கு. இன்று பார்க்க மட்டும். மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை குஞ்சு பொரிக்கும் காலம். போகும் முன் திறந்திருக்கும் நாள்களைப் பார்த்துவிடுங்கள்.

டர்டில் டோர்: கடலுக்குள் நிற்கும் சுண்ணாம்புப் பாறை வளைவு. போட்டோவுக்கு அருமை. இறங்க, ஏறப் படிகள் அதிகம். முட்டி வலி உள்ளவர்கள் மேலிருந்தே பார்க்கலாம். அந்த வளைவின் உச்சியிலிருந்து குதிக்கும் விபரீத ஆசையில் 2020 மே மாதம் மூன்று பேர் படுகாயமடைந்தார்கள். டீன் ஏஜ் பிள்ளைகளோடு போனால் இதைச் சொல்லிவையுங்கள்.

மழை வந்தால்? வரும். கோடையிலும் வரும். ஸ்வானேஜிலிருந்து கோர்ஃப் காசில் போகும் நீராவி ரயிலில் ஏறிக்கொள்ளலாம். 1646-ல் உள்நாட்டுப் போரில் இடிக்கப்பட்ட கோட்டை அங்கே மலைமேல் இருக்கிறது.

7. சாப்பாடு, பயணம், சில டிப்ஸ்

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து வெய்மவுத்துக்கு நேரடி ரயில் இருக்கிறது. லைம் ரீஜிஸுக்கு ஆக்ஸ்மின்ஸ்டர் வரை ரயில், அங்கிருந்து பஸ். இரண்டுக்கும் ரயிலில் மட்டும் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஐந்து வயதுக்குக் கீழ் டிக்கெட் இல்லை. 'ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு' வாங்கினால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவிகிதமும் குறையும்.

கடற்கரை என்றால் ஃபிஷ் அண்ட் சிப்ஸ். சைவம் சாப்பிடுகிறவர்கள், 'சிப்ஸ்தானே' என்று வாங்கிவிடாதீர்கள். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது வழக்கம். எந்த எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதைக் கூரைக்கு அடியில், சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுங்கள். அங்கே கடற்காகங்கள் கையில் இருப்பதைப் பறித்துக்கொண்டு போவதில் நம் ஊர்க் குரங்குகளுக்குச் சளைத்தவை அல்ல. புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனாலும் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள்.

வெயில் அடித்தாலும் காற்று குளிரும். ஒரு தடிமனான ஸ்வெட்டருக்குப் பதிலாக இரண்டு, மூன்று மெல்லிய துணிகள், மேலே ஒரு மழைக்கோட்டு. லைம் ரீஜிஸ் முழுக்க ஏற்ற இறக்கமான தெருக்கள். பெரியவர்கள் இருந்தால் தங்குமிடத்தைக் கடலோரத்துக்குப் பக்கத்திலேயே பார்ப்பது நல்லது.

மறக்கக் கூடாதது

2012 ஜூலை. இதே கடற்கரையில் பர்ட்டன் பிராட்ஸ்டாக் என்ற ஊர். மழை அதிகம் பெய்திருந்த கோடை. விடுமுறைக்கு வந்து, பாறைச் சுவருக்குக் கீழே கரையில் நடந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண் மேல் பாறை சரிந்து விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. அவர் எதையும் குடையவில்லை, ஏறவும் இல்லை. கீழே நடந்தார், அவ்வளவுதான்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. புதைபடிவங்களைக் கரைக்குக் கொண்டு வருவதும், ஆளைக் கொல்வதும் ஒரே மண் சரிவுதான். அதனால், பாறைச் சுவரை விட்டுத் தள்ளி, கடல் பக்கமாக நடங்கள். கடல் பக்கமாக நடக்க இடம் வேண்டுமென்றால் கடல் இறங்கியிருக்க வேண்டும். மழைக்கு மறுநாள் சுவர்ப் பக்கம் வேண்டவே வேண்டாம். சரிந்து கிடக்கும் சேற்றில் கால் வைக்காதீர்கள். முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும். சார்மவுத்துக்கும் லைம் ரீஜிஸுக்கும் நடுவே கரை வழியாக நடப்பது ஹை டைடில் முடியாத காரியம். நேரம் சரியில்லை என்றால் பஸ் இருக்கிறது.

ஒருவேளை மாட்டிக்கொண்டால், பாறையில் ஏறித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். தண்ணீருக்குள் நடந்தும் போகாதீர்கள். இருப்பதில் உயரமான இடத்தில் நின்றுகொண்டு 999 அல்லது 112-க்கு போன் செய்து 'கோஸ்ட்கார்டு' என்று கேளுங்கள். படகு வரும். கட்டணம் கேட்க மாட்டார்கள். சங்கடப்பட்டுக்கொண்டு தாமதிப்பதுதான் ஆபத்து.

காலையில் கிளம்பும்போது ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அன்றைய லோ டைடு நேரத்தைக் குழந்தையின் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். 'இந்த நேரம் வந்ததும் எல்லோரையும் கூப்பிடுவது உன் வேலை' என்று சொல்லுங்கள். பொறுப்பைக் கொடுத்தால் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கறாராக இருப்பார்கள். தாத்தாவே "இன்னும் அஞ்சு நிமிஷம்டா" என்று கெஞ்சினாலும் விடமாட்டார்கள்.

ஊர் திரும்பிய பிறகு பேரனோ பேத்தியோ விடுமுறைக்குத் தமிழ்நாடு வந்தால், பெரம்பலூர், அரியலூர் பக்கம் கூட்டிப்போங்கள். காரை கிராமத்தைச் சுற்றியுள்ள செம்மண் பள்ளங்களில் அம்மோனைட்டுகள் கிடைத்திருக்கின்றன. அந்த இடமும் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு கடலாக இருந்ததுதான். அங்கே மட்டும் டைடு பார்க்கத் தேவையில்லை. அங்கே கல்லைப் பொறுக்காமல் பார்த்துவிட்டு வந்தால் போதும்.